பேட்டரி கார் ஹெட்லைட் அடிக்கடி மங்குதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி சீட்டைத் தூக்கிப் பாருங்க!

இரவு ஏழே முக்கால் மணி. சென்னைப் புறநகரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. மெயின் கேட்டிலிருந்து கடைசி பிளாக் வரை நடந்தால் முக்கால் கிலோமீட்டர். மூட்டுவலிக்காரர்களுக்கும், கையில் காய்கறிப் பையோடு வருகிறவர்களுக்கும் அந்தத் தூரத்தைக் கடக்க உதவுவது ஆறு பேர் உட்காரும் ஒரு பேட்டரி கார்.

அன்று அதில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய இரண்டு பாட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது பிளாக் திருப்பத்தில் தெருவிளக்கு எரியவில்லை. எதிரே சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். டிரைவர் கண்ணுக்கு அவன் தெரிந்தபோது இடையில் இருந்த தூரம் சில அடிகள்தான். ஓங்கி பிரேக் மிதித்தார். வண்டி நின்றது. சிறுவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பாட்டியின் கூடையிலிருந்த தேங்காய் மூடியும் பூவும் தரையில் உருண்டன. அதோடு போயிற்று.

ஆனால், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அது அதோடு போகவில்லை. `டிரைவர் போன் பார்த்துக்கிட்டு ஓட்டினாரா?', `வயசானவரை எதுக்கு வெச்சிருக்கீங்க?' என்று கேள்விகள் பறந்தன. ஐம்பத்தைந்து வயது டிரைவரின் பதில் ஒன்றே ஒன்றுதான். ``லைட்டு வெளிச்சமே தரலைங்க. மூணு தடவை சொல்லிட்டேன். மூணு தடவையும் பல்பை மாத்திக் குடுத்தாங்க. மாத்துன அன்னிக்குப் பரவாயில்லாம இருக்கும். ஒரு வாரத்துல பழைய கதைதான்.''

மறுநாள் காலை, வேறொரு எலெக்ட்ரீஷியனை வரவழைத்தது சங்கம். முப்பது வயதுக்காரர். பேட்டரி வண்டிகள் பார்த்துப் பழக்கம் உள்ளவர். டிரைவர் புது பல்பை நீட்ட, அவர் அதை வாங்கவே இல்லை.

``பல்பை விடுங்கண்ணே. சீட்டைத் தூக்குங்க, பார்ப்போம்.''

பகல் வண்டிக்கு ராத்திரி வேலை

நாம் `பேட்டரி கார்' என்று கூப்பிடும் இந்த வண்டியின் பூர்வீகம் கோல்ஃப் மைதானம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1954-ல் தொடங்கப்பட்ட இ-இசட்-கோ, 1958-ல் டெக்ஸாஸில் பிறந்து பிறகு ஜார்ஜியாவுக்கு இடம் மாறிய கிளப் கார் ஆகியவை இந்த வண்டிகளைப் பெரிய அளவில் தயாரித்துப் பிரபலமாக்கிய நிறுவனங்கள். கோல்ஃப் பகலில் ஆடும் ஆட்டம். மைதானத்தில் ஓடும் வண்டிக்கு ஹெட்லைட் எதற்கு? அதனால் பல வண்டிகள் விளக்கே இல்லாமல்தான் வந்தன.

பிறகு இந்த வண்டி மைதானத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. ஜார்ஜியாவில் உள்ள பீச்ட்ரீ சிட்டி என்ற ஊரில் கோல்ஃப் வண்டிகள் போவதற்கென்றே சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்குத் தனிப் பாதைகள் இருக்கின்றன. கடைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் இதே வண்டிதான். 1998-ல் அமெரிக்க அரசு, மணிக்கு 32 முதல் 40 கிலோமீட்டர் வேகம் வரை போகக்கூடிய சிறு வண்டிகளுக்கு ஒரு தனி விதி கொண்டுவந்தது. ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர், கண்ணாடி, சீட் பெல்ட் ஆகியவை இருந்தால்தான் அந்த வகை வண்டி ரோட்டுக்கு வரலாம் என்றது அந்த விதி.

நம் ஊரில் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் நடைமேடை, வண்டலூர் உயிரியல் பூங்கா, ஸ்ரீரங்கம் கோயில் என்று பல இடங்களில் இந்த வண்டிகளைப் பார்க்கலாம். கல்லூரி வளாகம், ரிசார்ட், மருத்துவமனை, பெரிய குடியிருப்புகள் என்று பட்டியல் நீள்கிறது. ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள். இன்ஜின் சத்தம் கிடையாது. வண்டி வருவது காதுக்குத் தெரியாது. கண்ணுக்காவது தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது மெதுவான வேகம்தான். ஆனால், அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகர்கிறது. ஒருவரைப் பார்த்து, மூளை சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி 8 மீட்டர் போய்விடும். அதற்கு மேல்தான் பிரேக் பிடித்து நிற்கும் தூரம். எட்டு மீட்டர் வரைக்கும்கூடத் தெரியாத ஹெட்லைட்டை நம்பி ஓட்டினால், பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

எட்டுப் பிள்ளைகள், ஒரே அளவு சாப்பாடு

சீட்டுக்கு அடியில் எட்டு பேட்டரிகள். ஒவ்வொன்றும் 6 வோல்ட். ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு சேர்த்து வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். மோட்டார் ஓடுவது இதில்தான். (சில வண்டிகளில் 8 வோல்ட் பேட்டரி ஆறு இருக்கும். சிலவற்றில் 12 வோல்ட் நான்கு. மொத்தம் 48 என்பது மாறாது. பழைய வண்டிகளில் 36 வோல்ட்டும் உண்டு.)

ஆனால் ஹெட்லைட், ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் சாதாரணக் கார், பைக் சாமான்கள். அவற்றுக்கு வேண்டியது 12 வோல்ட். 48-லிருந்து 12-ஐ எப்படி எடுப்பது?

சுலபமான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளில் ஒயரைக் கட்டினால் 12 வோல்ட் கிடைத்துவிடும். செலவே இல்லை. இந்த வண்டியிலும் முன்பு யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை எடுத்தார். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறியிருந்த வண்டி அது. நல்ல நிலையில் உள்ள 6 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் சுமார் 6.37 வோல்ட் காட்ட வேண்டும். ஆறு பேட்டரிகள் அதையொட்டியே காட்டின. லைட்டுக்கு ஒயர் போன அந்த இரண்டும் மட்டும் 6.05. அதாவது, விடிய விடிய சார்ஜ் போட்டும் அவை பாதியளவுதான் நிரம்பியிருந்தன.

``ராத்திரி பூரா சார்ஜ் போடுறோமே தம்பி?'' என்றார் டிரைவர் புரியாமல்.

காரணம் இதுதான். ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் ஒரே அளவு சாப்பாடு. ஆனால், இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் கூடுதல் வேலை. அந்த இரண்டும் நாளுக்கு நாள் இளைக்கத்தானே செய்யும்? வரிசையாக இணைத்த பேட்டரிகளில், சார்ஜர் தரும் மின்னோட்டம் எட்டிலும் ஒரே அளவாகத்தான் பாயும். யாருக்கு அதிகப் பசி என்று பார்த்து அது பரிமாறாது. மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்து, `போதும்' என்று நிறுத்திக்கொள்ளும்.

விளைவு, இரண்டு பக்கமும் நஷ்டம். லைட்டுக்கு உழைத்த இரண்டு பேட்டரிகளும் எப்போதும் அரைவயிற்றோடு கிடக்கும். அவற்றின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகி, சக்தி குறைந்துகொண்டே போகும். மற்ற ஆறுக்கும் தேவைக்கு மேல் சார்ஜ் ஏறி, உள்ளே இருக்கும் தண்ணீர் சீக்கிரம் வற்றும். மூடியைத் திறந்து பார்த்தபோது அந்த ஆறில் சிலவற்றில் தகடுகளின் மேல்விளிம்பு தெரிய ஆரம்பித்திருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வரிசையில் பலவீனமான பேட்டரி எதுவோ, அதன் பலம்தான் மொத்த வண்டியின் பலம். `ரெண்டை மட்டும் புதுசா வாங்கிப் போட்டுடலாமே' என்றால், பழைய ஆறோடு புதிய இரண்டு ஒத்துப்போகாது. புதியவையும் சீக்கிரம் பழையவையாகிவிடும். மொத்த செட்டையும் மாற்றினால் பல பத்தாயிரம் ரூபாய் செலவு. இலவசமாகக் கிடைத்த 12 வோல்ட்டின் உண்மையான விலை அதுதான்.

வழியில் தொலைந்த வெளிச்சம்

பேட்டரி பாதி கதைதான். ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, அந்த இரண்டு பேட்டரியின் முனைகளில் அளந்தார் எலெக்ட்ரீஷியன். 11.6 வோல்ட். அடுத்து பல்பு ஹோல்டரில் அளந்தார். 9.9 வோல்ட். நடுவில் 1.7 வோல்ட்டைக் காணோம்!

ஹாலஜன் பல்பின் குணம் ஒன்று உண்டு. வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையக் குறையும். 10 சதவிகிதம் வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் குறைந்துவிடும். 12 வோல்ட்டுக்குச் செய்த பல்புக்கு 9.9 வோல்ட் மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதிதான்.

தொலைந்த வோல்ட்டேஜைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, மீட்டரின் கறுப்பு முனையை, லைட்டுக்கு ஒயர் போகும் பேட்டரியின் நெகட்டிவில் வைக்க வேண்டும். சிவப்பு முனையை பல்பின் நெகட்டிவ் ஒயரில் வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். இங்கே காட்டியது 1.3.

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் துருப்பிடித்த ஒரு போல்ட்டில் போய் முடிந்தது. பைக்கிலும் காரிலும் செய்வதுபோல `பாடி எர்த்' கொடுத்திருக்கிறார்கள். பேட்டரி காரில் செய்யக்கூடாத வேலை இது. பொதுவாக இந்த வண்டிகளில் பேட்டரியின் எந்த முனையும் சட்டத்தோடு சேராமல் தனித்தே இருக்கும். சட்டத்தையே ஒயராக்கிவிட்டால், நாளை இன்னொரு பாசிட்டிவ் ஒயர் உறை கிழிந்து சட்டத்தில் பட்டால் போதும், நேரடி ஷார்ட் சர்க்யூட். 48 வோல்ட் ஷாக் அடிக்காமல் போகலாம். ஆனால், அந்த பேட்டரிகள் ஷார்ட் ஆகும்போது பாயும் மின்னோட்டம் ஸ்பேனரையே உருக்கும். தீப்பிடிக்க அது தாராளம்.

மீதி வோல்ட்டேஜ் தொலைந்தது மெல்லிய ஒயரிலும் கறுத்துப்போன ஹோல்டரிலும். பல்பு மாற்றும் ஒவ்வொரு முறையும் ஹோல்டரின் முனைகள் உரசிக் கொஞ்சம் சுத்தமானதால்தான் சில நாள் வெளிச்சம் வந்து, மறுபடி மங்கியிருக்கிறது.

``கோளாறு பல்புலயும் இல்ல, உங்க மேலயும் இல்லண்ணே. வெளிச்சம் வர்ற வழியிலதான் தொலைஞ்சிருக்கு'' என்றார் எலெக்ட்ரீஷியன். பக்கத்தில் நின்றிருந்த சங்கச் செயலாளர் பதில் பேசவில்லை. டிரைவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரியாக லைட் போடுவது எப்படி?

முதல் விதி, லைட்டுக்கு வேண்டிய மின்சாரத்தை எட்டு பேட்டரியும் சேர்ந்து தர வேண்டும். அதற்குத்தான் டி.சி-டி.சி கன்வெர்ட்டர். வோல்ட்டேஜ் ரெடியூசர் என்றும் கடைகளில் சொல்வார்கள். ஒரு பக்கம் 48 வோல்ட் வாங்கி, மறுபக்கம் நிலையான 12 வோல்ட் தரும் சின்னப் பெட்டி இது. சார்ஜ் ஏறும்போது 48 வோல்ட் வரிசை 60 வோல்ட் வரைகூடப் போகும். அதனால், பெட்டியின் மேல் `36 - 72 வோல்ட்' என்பதுபோல் தாராளமான வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர் கன்வெர்ட்டர் வேண்டும்? கணக்குப் போடுவது சுலபம். இந்த வண்டிக்கு எல்.இ.டி ஹெட்லைட் 10 வாட் வீதம் இரண்டு என்றால் 20. பின்விளக்கு 4. பிரேக் லைட் 6. ஒரு பக்க இண்டிகேட்டர் 6. ஹார்ன் 36. மொத்தம் 72 வாட். இதை 12-ஆல் வகுத்தால் 6 ஆம்பியர். கால்பங்கு கூடுதலாக வைத்துக்கொண்டால் 7.5. ஆக, 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும். பழைய 35 வாட் ஹாலஜன் பல்பு இரண்டையே வைத்திருந்தால், ஹெட்லைட்டுக்கு மட்டுமே 6 ஆம்பியர் போய்விடும். எல்.இ.டி-க்கு மாறுவதில் கிடைக்கும் லாபம் இதுதான்.

வேலையைத் தொடங்கும் முன்: சாவியை எடுத்துவிட வேண்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட வேண்டும். சில மாடல்களில் சீட்டுக்கு அடியில் `ரன் - டோ' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதை `டோ' பக்கம் தள்ள வேண்டும். பிறகு பேட்டரி வரிசையின் மெயின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மோதிரம், வாட்ச், கையில் காப்பு, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், சார்ஜரைக் கழற்றிய பிறகே வேலை. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

இணைக்கும் முறை: கன்வெர்ட்டரின் உள்வாங்கும் பாசிட்டிவ் ஒயர், வரிசையின் ஒரு கோடியில் உள்ள மெயின் பாசிட்டிவுக்கு. நெகட்டிவ், மறுகோடியில் உள்ள மெயின் நெகட்டிவுக்கு. நடுவில் எந்த பேட்டரியிலும் கை வைக்கக்கூடாது.

ஃபியூஸ்: பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் ஃபியூஸ் முந்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இது. பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கார்களில் போடும் சாதாரண பிளேடு ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்கானது. 48 வோல்ட் பக்கத்துக்கு அதைவிட அதிக டி.சி வோல்ட்டேஜ் தாங்கும் ஃபியூஸ் கேட்டு வாங்க வேண்டும். 12 வோல்ட் பக்கத்தில் ஹெட்லைட்டுக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று, பின்விளக்குகளுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபியூஸ் போட்டால், ஹார்னில் கோளாறு வந்தாலும் ஹெட்லைட் அணையாது.

ஒயர்: மெயின் ஒயருக்கு 2.5 சதுர மி.மீ, ஹெட்லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ காப்பர் ஒயர் போதுமானது. பாசிட்டிவுக்கு ஒன்று, நெகட்டிவுக்கு ஒன்று என்று இரண்டு ஒயரும் கடைசி வரை போக வேண்டும். பாடி எர்த் வேண்டாம். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதில், சரியான முனை வைத்து அழுத்திப் பொருத்த வேண்டும். மழைத் தண்ணீர் படும் இடத்தில் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடலாம். ஸ்டீயரிங் தண்டு, பிரேக் கம்பி, சீட் கீல் ஆகியவற்றில் உரசாமல் ஒயரைக் குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும்.

பிரேக் லைட், இண்டிகேட்டர்: பிரேக் மிதியில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்தால் போதும், மிதித்தால் பின்னால் சிவப்பு எரியும். எல்.இ.டி இண்டிகேட்டர் வாங்கினால், அதற்கேற்ற எலெக்ட்ரானிக் ஃபிளாஷரும் வாங்க வேண்டும். பழைய ஃபிளாஷரில் எல்.இ.டி-யைப் போட்டால் சிமிட்டாமல் நிற்கும், அல்லது படபடவென்று அடிக்கும்.

கோணம்: வண்டியைச் சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்த வேண்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறிக்க வேண்டும். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 2 முதல் 4 அங்குலம் கீழே விழ வேண்டும். அதற்கு மேலே போனால் எதிரே நடந்து வருகிறவர் கண் கூசி நின்றுவிடுவார்.

லித்தியம் பேட்டரி வண்டியாக இருந்தால், பேட்டரிப் பெட்டியைத் திறந்து உள்ளே ஒயர் எடுக்கும் வேலையே கூடாது. வெளியே உள்ள மெயின் முனைகளிலிருந்து, தயாரிப்பாளர் சொல்லும் கன்வெர்ட்டர் வழியாக மட்டும்தான் எடுக்க வேண்டும்.

லைட் எரியலையா? இந்த வரிசையில் பாருங்கள்

கோளாறு தேடும்போது பலரும் செய்யும் தவறு, கண்ணுக்குத் தெரியும் பல்பில் ஆரம்பிப்பது. மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து தேடிக்கொண்டு வருவதுதான் சரியான முறை. பேட்டரி, ஃபியூஸ், கன்வெர்ட்டர், ஸ்விட்ச், ஒயர், கடைசியில் பல்பு.

எல்லா லைட்டும் அணைந்துவிட்டது: முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால், கன்வெர்ட்டருக்குள் 48 வோல்ட் நுழைகிறதா, 12 வோல்ட் வெளியே வருகிறதா என்று அளக்க வேண்டும். நுழைந்தும் வெளியே வரவில்லை என்றால், சாவியிலிருந்து கன்வெர்ட்டரை `ஆன்' செய்யும் சின்ன ஒயர் கழன்றிருக்கலாம். அதுவும் சரியென்றால் கன்வெர்ட்டர் போயிருக்கிறது.

ஒரு லைட் மட்டும் எரியவில்லை: எரியும் பக்கத்து பல்பை இங்கே மாற்றிப் பார்க்கலாம். அதுவும் எரியவில்லை என்றால் ஹோல்டரிலோ அதன் நெகட்டிவ் ஒயரிலோதான் கோளாறு. புதிய எல்.இ.டி எரியவில்லை என்றால், பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் லைட் மங்குகிறது, சிமிட்டுகிறது: கன்வெர்ட்டர் இருந்தும் இப்படி ஆனால், பேட்டரி முனை எங்கோ லூஸாக இருக்கிறது அல்லது பேட்டரி வரிசை பலவீனமாகிவிட்டது. லைட்டை விட்டுவிட்டு பேட்டரியைக் கவனிக்க வேண்டிய நேரம்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது: பெரிய ஃபியூஸ் போடுவதும், ஒயர்த் துண்டையோ சிகரெட் ஜிகினாத் தாளையோ சுற்றி வைப்பதும் தீயைக் கூப்பிடும் வேலை. ஒயர் எங்கேயோ உரசித் தோல் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் புது ஃபியூஸ்.

பிரேக் லைட் அணையவே இல்லை: மிதியின் ஸ்விட்ச் சிக்கியிருக்கலாம், அல்லது அது இருக்கும் தகடு வளைந்திருக்கலாம். எப்போதும் எரியும் பிரேக் லைட், எரியாத பிரேக் லைட்டுக்குச் சமம். பின்னால் வருகிறவருக்கு வண்டி எப்போது நிற்கும் என்றே தெரியாது.

மழைக்குப் பிறகு கோளாறு: லைட்டின் கண்ணாடிக்குள் நீர் கோத்திருக்கும், முனைகளில் பச்சை பூத்திருக்கும். பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால், மெயின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் தேய்க்கலாம். பேட்டரி மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும். சோடாத் தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி கெட்டுவிடும். துடைத்து, காய்ந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும்.

ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. லைட், இண்டிகேட்டர் எல்லாம் பொருத்திவிட்டதாலேயே வளாகத்துக்குள் ஓடும் வண்டியைப் பொதுச் சாலைக்குக் கொண்டுபோக முடியாது. அதற்கு முறையான அனுமதியும் பதிவும் வேண்டும். 48 வோல்ட் பக்கத்து வேலையைப் பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே செய்யாமல், தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. அவரிடம், `பன்னிரண்டு வோல்ட் எங்கேருந்து எடுக்கப் போறீங்க?' என்று மட்டும் கேளுங்கள். `ரெண்டு பேட்டரியிலேருந்து' என்று பதில் வந்தால், வேறு ஆளைத் தேடுங்கள்.

சிவப்பு எரியுதா?

அந்தக் குடியிருப்பில் வேலை முடிய இரண்டு நாள் ஆனது. இளைத்துப்போன இரண்டு பேட்டரிக்கும் முதலில் தனியாக 12 வோல்ட் சார்ஜர் போட்டார்கள். அவை முழுதாகத் தேறவில்லை. ஆனாலும் மொத்த செட்டையும் உடனே மாற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம் என்கிற அளவுக்கு வந்தன. எட்டிலும் டிஸ்டில்டு வாட்டர் சரிபார்க்கப்பட்டது. கன்வெர்ட்டர், எல்.இ.டி ஹெட்லைட், புது ஒயர், பின்னால் இரண்டு ரிஃப்ளெக்டர் பொருத்தினார்கள். பல்புக்குப் பக்கத்தில் மீட்டர் 12 வோல்ட் காட்டியது.

வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் ஒரு செய்தி போட்டார். `லைட் ஒயரிங்கில்தான் கோளாறு இருந்தது. டிரைவர் ஏற்கெனவே மூன்று முறை புகார் சொல்லியிருந்தார்.' கீழே சில கைகூப்பும் படங்கள். கூடை கவிழ்ந்த பாட்டி மட்டும் நேரில் வந்து, ``தம்பி, நீ சொன்னது சரிதான்னு இப்பத்தான் எல்லாருக்கும் புரிஞ்சுது'' என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தினமும் மாலை ஆறு மணிக்கு, முதல் டிரிப் எடுப்பதற்கு முன் டிரைவர் வண்டியை கேட் சுவருக்கு எதிரே நிறுத்துகிறார். ஹெட்லைட்டைப் போட்டு, சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்கிறார். பிறகு பிரேக்கை மிதித்தபடி, பின்னால் நிற்கும் செக்யூரிட்டியிடம் குரல் கொடுக்கிறார்.

``சிவப்பு எரியுதாப்பா?''

``ரெண்டும் எரியுதுண்ணே.''

ஐந்தாவது பிளாக் திருப்பத்தில் தெருவிளக்கு இன்னும் சரிசெய்யப்படவில்லை. அதற்கும் இப்போது புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார் அவர்.